பாலர் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்: ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப்பல்

மதிப்பிற்குரிய பாலர் பள்ளி முதல்வர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

உங்கள் கே2 வகுப்பில் (ஆறு வயது) படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஆண்டோ அடுத்த ஆண்டோ முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கும். முன்பல் ஆடினால் வீடே பேசும். இதுவோ எந்தப் பல்லும் விழாமல், பாற்பல் வரிசைக்குப் பின்னால் சத்தமின்றி வந்துவிடுகிறது. பெற்றோர் பலர் அதையும் பாற்பல் என்றே எண்ணிவிடுகிறார்கள். இது போனால் வேறு பல் முளைக்காது.

முளைத்த முதல் ஓரிரு ஆண்டுகள்தான் அதற்குப் பெரிய கண்டம். எனாமல் இன்னும் இறுகியிருக்காது. மேலே உள்ள பள்ளங்கள் ஆழமானவை, குறுகலானவை. பிரஷ்ஷின் நார் உள்ளே போகாது. பக்கத்துப் பல்லின் உயரத்தை எட்டவும் பல மாதங்கள் பிடிக்கும். அதுவரை நேராகத் தேய்க்கும் பிரஷ் அதைத் தொடாது; கன்னப் பக்கமிருந்து குறுக்கே நுழைத்துப் பெரியவர்தான் தேய்த்துவிட வேண்டும்.

"விழப்போற பல்லுதானே" என்று பாற்பல் சொத்தையை அப்படியே விட்டுவிடும் பேச்சை நம் தமிழ் வீடுகளில் இன்னமும் கேட்கிறேன். மனம் பதறுகிறது. பாற்கடைவாய்ப்பல் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருக்கும். அதில் சொத்தை உள்ள பிள்ளைக்குப் புதுப் பல்லிலும் சொத்தை வரும் வாய்ப்பு மிக அதிகம். கிருமியும் அதே, தின்னும் பழக்கமும் அதே அல்லவா?

சிங்கப்பூர்க் குழாய்நீரில் 1950களிலிருந்தே ஃபுளோரைடு சேர்க்கிறார்கள். நல்ல காவல்தான், ஓயாமல் சீனி போகும் வாயை அது மட்டும் காப்பாற்றாது. பானங்களை ஏ (சீனி மிகக் குறைவு) முதல் டி வரை தரம் பிரிக்கும் நியூட்ரி-கிரேடு எழுத்து சீனியின் அளவைக் காட்டும், எத்தனை தடவை என்பதைக் காட்டாது. 'பி' தரப் பானத்தையே ஒரு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டிருந்தால் கிருமிகள் அந்தச் சீனியிலிருந்து உண்டாக்கும் அமிலத்தில் பல் அவ்வளவு நேரமும் ஊறும்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். சாப்பாட்டு வேளைகளுக்கு இடையில் வெறும் தண்ணீர் மட்டும் கொடுங்கள். பிறந்தநாள் பைகளில் ஒட்டும் மிட்டாய் வேண்டாமென்று பெற்றோரிடம் சொல்லுங்கள். அவர்களைச் சந்திக்கும்போது இந்தப் பல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசுங்கள். வெள்ளையாகவோ பழுப்பாகவோ திட்டுடன் முளைத்தால், பல் கூசுகிறது என்று பிள்ளை பிரஷ்ஷைத் தள்ளினால், உடனே பல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். பள்ளத்தை அடைக்கும் பூச்சு தேவையா என்றும் அவரிடம் கேட்கலாம். தொடக்கநிலை ஒன்றில் பள்ளிப் பல் மருந்தகம் பார்த்துக்கொள்ளும் என்று காத்திருந்தால், சில பிள்ளைகளுக்கு அதற்குள் சொத்தை தொடங்கிவிடும்.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து ஒரு தாய்