அம்மாவின் மாத்திரையை நிறுத்தவிடாதே

ஆன் ஆர்பர், மிச்சிகன்
ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசும்போதெல்லாம் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னதைக் கேட்டதிலிருந்து மனசே சரியில்லை. “நீதான் குடலு, நாருன்னு படிக்கியே, சாப்பாட்டுலயே சரி பண்ணிக்கிட மாட்டேனா, எதுக்கு இந்த மாத்திரை?” என்றாள். முடக்குவாத மூட்டு நோய்க்காக வாரத்துக்கு ஒரு நாள் போடும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை அவள் என் பேச்சை வைத்து நிறுத்திவிட்டால் நான் எப்படித் தாங்குவேன்?

இங்கே பனி முழங்கால் வரை கிடக்கிறது. காலை ஏழு மணிக்கும் கும்மிருட்டு. பஸ்ஸை விட்டு இறங்கி நேராக எலிகள் இருக்கும் கட்டடத்துக்குப் போவேன். ஒரு கிருமிகூட இல்லாமல் பிறந்து வளர்ந்த எலிகள் அவை. பெரிய பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் இருக்கும். அதன் சுவரோடு ஒட்டிய நீளமான ரப்பர் கையுறைக்குள் கையை விட்டுத்தான் தீனி போட வேண்டும். தீனி, தண்ணீர், கீழே பரப்பும் மரத்தூள் எல்லாம் கிருமி நீக்கிய பிறகே உள்ளே போகும். போன வருஷம் ஒரு கையுறையில் ஊசித்துளை விழுந்து வெளிக்கிருமி புகுந்துவிட்டது. நான்கு மாத வேலை போயிற்று. அன்று ராத்திரி உன்னைக் கூப்பிட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தேனே, அதற்குத்தான்.

நான் இந்த ஊருக்கு வந்ததே ஒரு ஆய்வைப் படித்துத்தான். இந்தப் பல்கலைக்கழகத்தின் எரிக் மார்டென்ஸும் லக்சம்பர்க்கில் இருக்கும் மகேஷ் தேசாயும் மற்றவர்களோடு சேர்ந்து 2016-இல் வெளியிட்டது. கிருமியில்லாத எலிகளின் குடலில் மனிதக் குடலில் வாழும் 14 வகை பாக்டீரியாவைக் குடியேற்றினார்கள். நார்ச்சத்து இல்லாத தீனி போட்டால், அவற்றில் சில வகைகள் குடல் சுவரின் மேல் இருக்கும் சளிப்படலத்தையே தின்ன ஆரம்பித்தன. பிறகு நோய்க்கிருமி ஒன்றை உள்ளே விட்டபோது அந்த எலிகளுக்குத்தான் குடல் அழற்சி கடுமையாக வந்தது.

அந்தப் படலத்தை நீ பார்க்க வேண்டும் அக்கா. மைக்ரோஸ்கோப்பில் மெல்லிய நீலக் கோடு, அவ்வளவுதான். தண்ணீர் பட்டாலே சுருங்கிக் குலைந்துவிடும் என்பதால் தண்ணீர் சேராத கரைசலில் போட்டுத்தான் குடலைப் பதப்படுத்துவோம். கோட்டுக்கு இந்தப் பக்கம் கோடிக்கணக்கில் பாக்டீரியா, அந்தப் பக்கம் உடம்பு. முதல்முறை பார்த்தபோது அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் அம்மாவுக்கு இருப்பது முடக்குவாதம். “அதுக்குக் காரணம் எந்தக் குடல் கிருமி?” என்று நீ கேட்டாய். 2013-இல் நியூயார்க்கில் செய்த ஆய்வில், முடக்குவாதம் புதிதாக வந்து இன்னும் சிகிச்சை தொடங்காத பலருக்கு பிரிவோட்டெல்லா கோப்ரி என்ற பாக்டீரியா குடலில் அதிகம் இருந்தது. சரி, அதுதான் குற்றவாளி என்று சொல்லிவிடலாமா? பிரிவோட்டெல்லா இனம் சோறு, பருப்பு, காய் என்று சாப்பிடும் நம் ஊர்க்காரர்கள் வயிற்றில் சாதாரணமாகவே நிறைய இருக்கும். அவர்களில் பெரும்பாலோர் நன்றாகத்தான் நடமாடுகிறார்கள். நான் தினமும் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான்.

அம்மாவால் தோசைக்கரண்டியைப் பிடிக்க முடியாமல் போன வருஷம்தான் நான் நுண்ணுயிரியல் எடுத்தேன். இத்தனை வருஷம் கழித்தும் அவள் கையில் கொடுக்க என்னிடம் ஒரு மருந்து இல்லை. எலியின் குடலில் நடப்பதை அம்மாவின் விரல் மூட்டுக்குக் கொண்டுவர இன்னும் எவ்வளவோ பாக்கி இருக்கிறது. அதற்காகத்தான் நான் இங்கே கிடக்கிறேன்.

அதனால் கீரை, கொள்ளு, அவரைக்காய் எல்லாம் தாராளமாகக் கொடு, நல்லதுதான். ஆனால் அது மாத்திரைக்குப் பதில் ஆகாது. அந்த மாத்திரை மூட்டு அரிப்பதைத் தடுக்கிறது. ஒருமுறை அரித்துவிட்டால் எந்தச் சாப்பாடும் அதைத் திருப்பித் தராது. டாக்டர் சொன்ன நாளில் ரத்தப் பரிசோதனைக்கும் அத்தானைக் கூட்டிப்போகச் சொல்.

நான் சொன்னேன் என்று மேலே மாத்திரை பற்றி எழுதிய பத்தியை மட்டும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. வியாழக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு மாத்திரை போட்டதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல். இங்கே அப்போது காலை பத்தரை. போனைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன்.

அன்புடன்,
உன் தங்கை