கராஜ் தரைக்குப் பளபளப்பு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

குளிர் விலகியதும் உங்கள் பத்திரிகையின் விளம்பரப் பக்கங்களில் கராஜ் தரை திருத்துபவர்களின் பெட்டி விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. "பழைய தரைக்கு மேலேயே புதிய தரை", "உடைக்கத் தேவையில்லை", "ஒரே நாளில் வேலை முடியும்" என்பவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கிறது. நான் ரொறன்ரோப் பெரும்பாகத்தில் கொங்கிரீட் தரப் பரிசோதனை வேலை செய்து ஓய்வு பெற்றவன். லொறி வந்து நின்றதும் அதிலிருந்து கொங்கிரீட்டை எடுத்து, அதன் இளக்கத்தையும் (கூம்பு அச்சைத் தூக்கியதும் கலவை எத்தனை மில்லிமீற்றர் அமிழ்கிறது என்பது) காற்றின் அளவையும் வெப்பத்தையும் அளந்து எழுதுவதுதான் என் தொழிலாக இருந்தது. அந்த அனுபவத்திலிருந்து சிலவற்றை எங்கள் மக்களுக்குச் சொல்ல இடம் தர வேண்டுகிறேன்.

ஸ்காபுரோவிலும் மார்க்கத்திலும் பிரம்டனிலும் எந்தத் தெருவில் நடந்தாலும், திறந்து கிடக்கும் கராஜ்களில் ஒரே காட்சிதான். காரின் சக்கரங்கள் நிற்கும் இடத்திலும் கதவோரத்திலும் தரையின் மேற்பரப்பு பொருக்குப் பொருக்காக உரிந்து, உள்ளே இருக்கும் கல் தெரிகிறது. வயதாகிவிட்டதால் தேய்ந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். வயது அதற்குக் காரணம் இல்லை. வீதியில் கொட்டிய உப்பும் பனியும் காரின் அடியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகின்றன. எஞ்சின் சூட்டில் அவை உருகி உப்புநீராகச் சொட்டுகின்றன. அந்த நீர் கொங்கிரீட்டின் நுண்துளைகளுக்குள் இறங்கி, இரவில் உறைகிறது. தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு 9 சதவீதம் பெருகும். பெருகுவதற்கு உள்ளே இடம் இல்லையென்றால் அது கொங்கிரீட்டைப் பிளந்துதான் இடம் தேடும். வெளியே நாள் முழுவதும் பூச்சியத்துக்குக் கீழே இருந்தாலும், கராஜுக்குள் கார் வரும்போதெல்லாம் ஓர் உருகலும் பிறகு ஓர் உறைதலும் நடக்கின்றன.

அந்த இடத்தை முன்கூட்டியே வைத்துக் கொடுப்பதுதான் காற்றேற்றிய கொங்கிரீட். கலவை செய்யும்போதே ஒரு திரவத்தைச் சேர்த்து, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான காற்றுக் குமிழ்களை உருவாக்குகிறார்கள். உறையும் தண்ணீர் அந்தக் குமிழ்களுக்குள் ஒதுங்குகிறது. 1930களில் நியூயோர்க் மாநிலத்து வீதிகளில், சில துண்டுகள் மட்டும் உரியாமல் இருப்பதைக் கண்டு ஆராய்ந்தபோதுதான் இந்த உண்மை தெரிய வந்தது. இன்று ஒன்ராறியோ கட்டட விதிக்கோவை கராஜ் தரைக்கு 28 நாளில் குறைந்தது 32 மெகாபாஸ்கல் (கொங்கிரீட் தாங்கும் அழுத்தத்தை அளக்கும் அலகு) வலிமையையும், 5 முதல் 8 சதவீதம் வரை காற்றையும் கேட்கிறது. வீட்டின் நிலவறைத் தரைக்கு 20 மெகாபாஸ்கல் போதும் என்று அதே விதிக்கோவை சொல்கிறது. கராஜ் எவ்வளவு கடுமையான இடம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

என் தங்கையின் வீட்டில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். அவளுடைய கராஜ் தரை உரிந்தபோது, ஊரில் மேசன் வேலை பார்த்த ஒருவர் வந்து, பழைய தரைக்கு மேல் ஒன்றரை அங்குலம் புதிதாகப் போட்டார். அழகாகத்தான் போட்டார். ஈரம் காயுமுன் மேலே சீமெந்துத் தூளைத் தூவி, மேசன் கரண்டியால் மீண்டும் மீண்டும் தேய்த்து, முகம் தெரியும் அளவுக்கு வழுவழுப்பாக்கினார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். அடுத்த பங்குனிக்குள் அது தகடு தகடாகக் கிளம்பிவிட்டது.

அந்த மேசன் ஏமாற்றுக்காரர் அல்லர். யாழ்ப்பாணத்தில் வீட்டுத் திண்ணையையும் விறாந்தையையும் அப்படித்தான் போடுவார்கள், அவை தலைமுறைகளுக்கு நிற்கும். அங்கே தரை உறைவதில்லை. இங்கே அதே கைவண்ணம் தரைக்குப் பகையாகிவிடுகிறது. புதிய கொங்கிரீட்டில் மேலே கசிந்து நிற்கும் நீர் தானாக வற்றும் முன் தேய்த்தால், அந்த நீர் மேற்பரப்பிலேயே அடைபட்டு, மேல்தோல் மட்டும் பலவீனமாகிறது. தூவிய சீமெந்து அந்தத் தோலை இன்னும் கெடுக்கிறது. காற்றேற்றிய கொங்கிரீட்டை இரும்புக் கரண்டியாலோ சுழலும் இயந்திரத்தாலோ அளவுக்கு மீறித் தேய்த்தால், மேல்தோலுக்குக் கீழே கொப்புளம் கட்டிப் பிறகு தகடாகப் பெயரும். குளிர் நாட்டுக் கராஜுக்கு மரப்பலகையாலோ மக்னீசியம் பலகையாலோ தேய்த்து, தும்புத்தடியால் மெல்லிய கோடு இழுத்த தரைதான் நல்லது. ஈரக் காலணியுடன் இறங்கினாலும் வழுக்காது.

அத்துடன், உரிந்த தரைக்கு மேல் எதைப் போட்டாலும் அது உரிந்ததன்மேல்தான் நிற்கிறது. தங்கை வீட்டில் பிறகு எல்லாவற்றையும் உடைத்து எடுத்தபோது, பின்சுவரோரம் தரைக்கு அடியில் ஒரு கை நுழையும் அளவுக்கு வெற்றிடம் இருந்தது. இங்கே உறைபனி இறங்கும் ஆழத்துக்குக் கீழே, ஏறத்தாழ நான்கடி ஆழத்தில், அத்திவாரம் போடுகிறார்கள். அத்திவாரச் சுவர்களுக்கு நடுவே தோண்டிய குழியை மண்ணால் நிரப்பி, அதன் மேல் கராஜ் தரையைப் போடுகிறார்கள். அந்த நிரப்பு மண்ணைச் சரியாக இடித்து இறுக்காவிட்டால் அது வருடக்கணக்கில் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். தரை அந்தரத்தில் நின்று, ஒரு நாள் வெடிக்கும். ஒரு சங்கிலியைத் தரையில் இழுத்துப் பாருங்கள். கணீரென்று கேட்டால் கீழே உறுதி, பொள்ளென்று கேட்டால் கீழே வெற்றிடம் அல்லது தரையே பிளந்திருக்கிறது. பொள்ளென்று கேட்கும் தரைக்கு எந்தப் பூச்சும் மருந்தாகாது.

ஆகவே உடைத்துப் போடுவதென்றால் முழுதாக உடைத்துப் போடுங்கள். ஆறு மீற்றர் நீளம், ஆறு மீற்றர் அகலம் உள்ள இரண்டு கார் கராஜில் நாலு அங்குலத் தரை எட்டரைத் தொன்னுக்கு மேல் நிறை வரும். அதை அகற்றும் கூலியையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். உடைப்பவரும் வெட்டுபவரும் தண்ணீர் அடித்துக்கொண்டே வேலை செய்யட்டும். உலர்ந்த கொங்கிரீட்டை வெட்டும்போது எழும் சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுக்கும், வீட்டுக்குள்ளும் நுழையும். உடைத்த பிறகு இறங்கிய மண்ணைத் தோண்டி எடுத்து, நொறுக்கிய சல்லியைப் படை படையாகப் போட்டு, ஒவ்வொரு படையையும் இயந்திரத்தால் இறுக்க வேண்டும். இந்த வேலைக்கு ஒரு நாள் முழுதாகப் போனாலும் போகட்டும். சுவரோரங்களில் தரை சுவருடன் ஒட்டாதபடி இடைப்பட்டி வைக்க வேண்டும். கதவை நோக்கி மீற்றருக்கு ஒன்றிலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் சரிவு வேண்டும். உருகிய உப்புநீர் தேங்காமல் வெளியேறினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சில வீடுகளில் கராஜுக்குக் கீழே அறை இருக்கும். அங்கே தரை ஒரு கூரையும்கூட. பொறியியலாளர் பார்க்காமல் அதில் கை வைக்க வேண்டாம்.

கலவை விடயத்துக்கு வருகிறேன், நான் வாழ்நாள் முழுவதும் மல்லுக்கட்டியது அதனோடுதான். கராஜ் தரைக்குப் பை சீமெந்துக் கலவையைக் கையால் குழைக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். மேலே சொன்ன தரைக்கு 30 கிலோ பைகள் ஏறத்தாழ 250 வேண்டும். ஒவ்வொரு குழையலிலும் தண்ணீர் ஒவ்வோர் அளவாக விழும். சிறிய அளவுக்குக் கொங்கிரீட் ஆலைகள் மேலதிகக் கட்டணம் கேட்பது உண்மைதான், ஆனால் அந்தக் கட்டணத்தைக் கொடுப்பது நல்லது. ஆலையிடம் "சி-2 வகை" என்று கேட்டால் போதும். உப்பும் உறைதலும் படும் தளங்களுக்குக் கனடியத் தரநிலை வைத்திருக்கும் வகுப்பு அது. அதில் 100 கிலோ சீமெந்துக்கு 45 லீற்றருக்கு மேல் தண்ணீர் இருக்கக் கூடாது.

லொறி உங்கள் வாசலுக்கு வந்த பிறகுதான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. இழுத்துப் பரப்பச் சுலபமாக இருக்கும் என்று வேலையாட்கள் சாரதியிடம் தண்ணீர் விடச் சொல்வார்கள். ஒரு கன மீற்றருக்கு ஐந்து லீற்றர் கூடினாலே இளக்கம் ஏறக்குறைய 25 மில்லிமீற்றர் கூடும், வலிமை குறையும், நுண்துளைகள் பெருகும். இளக்கம் வேண்டுமென்றால் அதற்குரிய திரவத்தை ஆலையிலேயே சேர்த்து அனுப்பச் சொல்லலாம். சாரதியிடம் ஒரு டிக்கெட் இருக்கும். கலவையின் வகை, ஆலையில் ஏற்றிய நேரம், பிறகு சேர்த்த தண்ணீர் எல்லாம் அதில் பதிவாகும். அதன் பிரதி உங்களுக்கு உரியது, கேட்டு வாங்குங்கள். "எங்கள் பிள்ளைதானே, எழுத்தில் கேட்டால் குறை நினைப்பார்" என்று தயங்குபவர்களைப் பல முறை பார்த்திருக்கிறேன். நன்றாக வேலை செய்பவருக்கு அந்தக் கடதாசியே பாதுகாப்பு. அவர் குறை நினைக்கமாட்டார்.

போட்ட அன்றோ மறுநாள் காலையிலோ தரையின் கால்பங்கு ஆழத்துக்கு வெட்டுக்கோடு போட வேண்டும். இரண்டு கார் கராஜுக்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு நாலு சதுரமாக்கினால் கொங்கிரீட் சுருங்கும்போது வெடிப்பு அந்தக் கோட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். அதன் பிறகு ஏழு நாட்களுக்கு ஈரச் சாக்காலோ பொலித்தீனாலோ மூடி வைக்க வேண்டும், பத்துப் பாகைக்குக் கீழே குளிர விடக் கூடாது. அந்த வாரம் காரை வீதியில் நிறுத்துங்கள்.

காலமும் முக்கியம். புரட்டாதிக்குப் பிறகு போட்ட தரை, உப்பைச் சந்திக்கும் முன் உலர்வதற்கு நாள் கிடைக்காது. கார்த்திகையில் மலிவாகப் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் சித்திரையில் வரச் சொல்லுங்கள். முதல் குளிர்காலம் முழுவதும் புதிய தரையில் உப்பே போடாதீர்கள், வழுக்கினால் மணல் தூவுங்கள். அமோனியம் நைத்திரேற்று, அமோனியம் சல்பேற்று உள்ள பனியுருக்கிகளை எந்த ஆண்டும் வாங்க வேண்டாம். அவை கொங்கிரீட்டையே அரிக்கும்.

எல்லோரும் தரையை உடைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மேல்தோல் மட்டும் இலேசாக உரிந்து, சங்கிலிச் சத்தம் நன்றாக இருந்தால், சித்திரையில் உப்பைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, சைலேன் என்ற, நீரை விலக்கும் இரசாயனம் கலந்த, உள்ளிறங்கும் பூச்சைப் பூசினாலே பல ஆண்டுகள் ஓட்டலாம். அது மேலே படலம் கட்டாது, உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறவும் தடுக்காது. விளம்பரங்களில் மின்னும் வர்ணப் பூச்சுகள் அப்படி அல்ல. கீழிருந்து ஈரம் ஏறும் தரையில் அவை கொப்பளித்துக் கிளம்பும்.

ஆசிரியர் அவர்களே, விளம்பரதாரர்கள் இல்லாமல் பத்திரிகை நடத்த முடியாது என்பது எனக்குத் தெரியும். அவர்களை நிறுத்தச் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தின் மூலையில், "சி-2 கொங்கிரீட்டா, டிக்கெட் தருவீர்களா, பழைய தரையை உடைத்து அடிமண்ணைப் பார்ப்பீர்களா என்று கேளுங்கள்" என்று மூன்று வரி போட்டால், இந்த ஆண்டே சில குடும்பங்களின் பணம் மிஞ்சும். விளக்கமாக ஒரு கட்டுரை வேண்டுமென்றால், படங்களுடன் எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். சம்பளம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கொங்கிரீட் பரிசோதகர்,
ஸ்காபுரோ