வெர்மிவாஷைப் புண்ணில் தடவலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மண்புழுவில் கிருமிகொல்லிப் பொருள்கள் இருக்கின்றன என்று சென்ற இதழ்க் கட்டுரை சொன்னது சரிதான். ஆனால் போகிற போக்கில் ‘வெர்மிவாஷைப் புண்ணில் தடவலாம்’ என்று ஒரு வரி வந்துவிட்டது. வெர்மிவாஷ் என்பது மண்புழுப் படுகையில் தண்ணீர் விட்டு வடித்தெடுக்கும் திரவம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மாட்டுக்கொட்டகை ஓரமாக டிரம் வைத்து வெர்மிவாஷ் பிடிப்பவர்கள் உண்டு. அவர்களுக்காக இந்த விளக்கம்.

கிருமியைக் கொல்லும் பொருள்கள் இருப்பது புழுவின் தோலுக்கும் குடலுக்கும் நடுவிலுள்ள உடற்குழித் திரவத்தில். ‘ஐசீனியா ஃபெட்டிடா’ என்ற சிவப்புப் புழுவைச் சீண்டினால் முதுகுத் துளைகள் வழியாக மஞ்சளாக, நாற்றத்தோடு கசிவது அதுதான். அதிலுள்ள ஃபெட்டிடின் என்ற புரதம் பாக்டீரியாவைத் தாக்கும். கூடவே நம் இரத்தச் சிவப்பணுவையும் உடைக்கும். லைசெனின் என்ற இன்னொரு புரதம் நம் செல்சவ்விலுள்ள ஸ்பிங்கோமையலின் என்ற கொழுப்பைப் பற்றிக்கொண்டு அங்கே துளை போடும். 1998இல் ‘லும்ப்ரிகஸ் ருபெல்லஸ்’ புழுவில் கண்டறிந்த லும்ப்ரிசின் மட்டும் சாது: 62 அமினோ அமிலம், அதில் புரோலின் அதிகம், சிவப்பணுவைத் தொடுவதில்லை. மூன்றையும் ‘மண்புழு மருந்து’ என்று ஒரே கூடையில் போடுவது தப்பு.

நம் வெயிலுக்கு ஐசீனியா தாங்காது. 35 டிகிரியைத் தாண்டினால் திணறிப்போகும். அதனால் இங்கே வளர்ப்பது பெரும்பாலும் ஆப்பிரிக்கப் புழுவான ‘யூட்ரிலஸ்’. அதற்கு முதுகுத் துளையே கிடையாது, அந்த வழியாகத் திரவம் கசியவும் முடியாது.

வெர்மிவாஷ் என்பது என்ன? டிரம்மின் அடியில் ஜல்லி, மேலே மணல், மண், சாணம், வைக்கோல், புழு. இரண்டு வாரம் ஈரம் காத்து, பிறகு ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, காலையில் குழாயைத் திறந்து பிடிப்பது. அந்தத் தண்ணீரில் ஊட்டச்சத்தும் மட்கிலிருந்து வரும் ஹியூமிக் பொருளும் கோடிக்கணக்கான உயிர்ப் பாக்டீரியாவும் இருக்கும். உடற்குழித் திரவம் இருந்தாலும் மிகச் சொற்பம்.

வெர்மிவாஷும் கிருமியைக் கொல்லும் என்பதற்கு, ‘பாக்டீரியா வளர்த்த அகர் தட்டில் வைத்தோம், சுற்றிலும் கிருமி வளராத வளையம் வந்தது’ என்பார்கள். அந்த வளையத்தை உண்டாக்கியது யார்? வெர்மிவாஷில் இருக்கக்கூடிய பேசில்லஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் தாமே கிருமிகொல்லி சுரப்பவை. அதே வெர்மிவாஷை 0.22 மைக்ரான் வடிகட்டியில் விட்டு, பாக்டீரியாவை நீக்கியபின் மறுபடி வையுங்கள். வளையம் காணாமல் போனால் பெருமை புழுவுக்கில்லை. வடிகட்டியபின்னும் நின்றால்கூட, பாக்டீரியா ஏற்கெனவே சுரந்துவிட்டது அந்தத் தண்ணீரில் கலந்திருக்கலாம்.

உடற்குழித் திரவத்தையே சோதிக்க நினைக்கும் கல்லூரி மாணவர்கள் வழுக்கும் இடம் வேறு. புழுவைக் கழுவி, ஈரமான வடிதாளில் 24 மணி நேரம் விட்டுக் குடலைக் காலியாக்க வேண்டும். இல்லாவிட்டால் திரவத்தோடு மண்ணும் வரும். பலர் 5% எத்தனாலும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருளும் கலந்த கரைசலில் புழுவை விட்டுத் திரவத்தைக் கக்கவைக்கிறார்கள். ஈடிடிஏவே பாக்டீரியாவை அடக்கும் பொருள்! புழுவே இல்லாத வெறும் கரைசலையும் அகர் தட்டின் பக்கத்துக் குழியில் வைக்காமல் முடிவெழுதினால் அது கரைசலைப் பற்றிய முடிவுதான். ஐஸ்கட்டிமேல் வைத்துக் குளிரால் கசியவைத்தால் இந்தத் தொல்லை இல்லை. எடுத்த திரவத்தை உடனே குளிரில் வைக்க வேண்டும். அதிலுள்ள புரதமழிக்கும் நொதிகள் வெளிச்சூட்டில் மற்ற புரதங்களைத் தின்னத் தொடங்கிவிடும்.

இனி புண். சாணத்திலும் மண்ணிலும் ஏற்புஜன்னியை (டெட்டனஸ்) உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். ஆழமான காயத்தில் காற்றுப் படாத இடம் கிடைத்தால் அவை முளைக்கும். வெர்மிவாஷைத் துணியில் வடிகட்டினால் வித்து துணியில் நிற்காது, தண்ணீரோடு வந்துவிடும். கொதிக்கவைத்தால் அந்த வித்து பிழைத்துக்கொள்ளும், நம்பியிருந்த புரதம்தான் கெடும். சித்த மருத்துவத்தில் பூநாகம் (மண்புழு) உண்டே என்பவர்களுக்கு: அங்கே சுத்தி, அதாவது தூய்மைப்படுத்தல், செய்யாமல் எதையும் மருந்தில் சேர்ப்பதில்லை. காயம் பட்டால் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஏற்புஜன்னித் தடுப்பூசியான டிடி ஊசிக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போவதே வழி.

மிளகாய்க்கும் கத்தரிக்கும் ஒரு பங்கு வெர்மிவாஷுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். அழுகல் வாடை அடித்தால் அடியில் தண்ணீர் தேங்கிவிட்டது என்று பொருள். அதை இலையில் அடிக்காமல் எருக்குழியில் ஊற்றுங்கள். புண் பற்றிய அந்த வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

— மண்புழு உரம் தயாரிப்போரும் நுண்ணுயிரியல் கற்பிப்போருமான வாசகர்கள் சிலர், காரைக்குடி