புதிய கீபோட் அறிவிப்புகளில் நாம் பார்க்க வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழில் புதிய கைத்தொலைபேசிகளைப் பற்றிய செய்தி வாரந்தவறாமல் வருகிறது. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது, புதிதாக அறிவிக்கப்படும் மின்னணு இசைக்கருவிகளைப் பற்றியும் அதே பக்கத்தில் எழுத வேண்டும் என்று கேட்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். எழுதும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் என் அனுபவத்திலிருந்து சொல்ல விரும்புகிறேன். மட்டக்களப்பிலும் அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்களிலும் கல்யாண வீடு, கோயில் திருவிழா, தேவாலய ஆராதனை, பாடசாலை ஒளிவிழா என்று எங்கு பார்த்தாலும் கீபோட் இருக்கிறது. இருபது ஆண்டுகளாக இந்த மேடைகளில் வாசித்து வருபவன் என்ற முறையில், நல்ல கருவி எது என்று தமிழில் படித்து அறிய எமக்கு வழியில்லாதிருப்பது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது.

வழக்கமாக ஜனவரியில் அமெரிக்காவின் அனஹைம் நகரில் ‘நாம்’ (NAMM) என்ற இசைக்கருவிக் கண்காட்சியும், மே மாதத்தில் பெர்லினில் சூப்பர்பூத் கண்காட்சியும் நடைபெறுகின்றன. அந்த நாட்களில் கம்பனிகள் அடுத்தடுத்துப் புதிய கருவிகளை அறிவிக்கின்றன. எங்கள் ஊரில் அந்தச் செய்தி வந்து சேரும்போது இரண்டே கேள்விகளாகச் சுருங்கிவிடுகிறது: எத்தனை டோன் (ஒலிவகை), எத்தனை ஸ்டைல் (தாள நடை)? ஆயிரம் டோன் உள்ள கருவியிலும் ஒரு கச்சேரியில் நான் தொடுவது இருபதைத் தாண்டாது. எனக்குப் பிடித்த அறிவிப்புகள் வேறு வகையானவை. விரல் அழுத்திய பிறகும் கட்டை அந்த விரலுக்குக் கீழ்ப்படிகிறதா, சுரத்தின் இடத்தை எங்கள் சங்கீதத்துக்கு ஏற்ப மாற்ற முடிகிறதா என்ற இரண்டுமே நான் தேடுபவை.

இதற்குக் காரணம் உண்டு. 1940ஆம் ஆண்டு அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தைத் தன் நிலையங்களில் தடை செய்தது; 1971இல்தான் அத்தடை தளர்த்தப்பட்டது. கட்டை வைத்த பெட்டியில் சுரம் ஓரிடத்தில் ஆணியடித்தாற்போல் நிற்கும், சுரத்தை அசைத்தும் வளைத்தும் வாசிக்கும் கமகம் வராது என்பது அன்று சொல்லப்பட்ட முக்கியக் குற்றச்சாட்டு. அந்தக் குற்றச்சாட்டு கீபோட்டுக்கும் அப்படியே பொருந்தியது. பல ஆண்டுகளுக்கு முன் திருக்கோவில் பக்கத்தில் ஒரு திருவிழாவில், நாதஸ்வரத்தோடு சேர்ந்து வாசிக்க எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. வித்துவான் தோடி ராகத்தில் காந்தாரச் சுரத்தைப் பிடித்து, அதை ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையில் ஊஞ்சல் ஆட்டுவதுபோல் ஆட்டினார். நான் இடக்கையால், சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் சில்லை உருட்டி அதைப் பின்தொடரப் பார்த்தேன். கச்சேரி முடிந்து வெற்றிலை மடிக்கும்போது அவர் என்னிடம் சொன்னார்: “மனே, உன்ட பெட்டி சுரத்தச் சொல்லுது; இழைக்குதில்ல.” அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சொல் என்னை விட்டு இன்றுவரை போகவில்லை.

சில்லால் அது ஏன் முடியாது என்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். மின்னணுக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மிடி என்ற முறை 1983இல் வந்தது. அந்த முறையில் சில்லை உருட்டினால் அதே சனலில், அதாவது அதே செய்தி வழியில், ஒலிக்கும் எல்லாச் சுரங்களும் சேர்ந்தே வளையும். மெட்டுக்குக் கீழே சட்ஜமும் பஞ்சமமும் அசையாமல் நிற்க, மேலே காந்தாரம் மட்டும் ஆட வேண்டுமானால், கீபோட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டு பாடுபட வேண்டும். தவிர, சில்லுக்கு ஒரு கை போய்விடுவதால் அந்தக் கைக்குரிய சுரங்கள் வாயடைத்துப் போகும்.

இதற்கான மாற்றுவழி புதிதாக முளைத்த ஒன்றன்று. ஒவ்வொரு கட்டையும் தன் அழுத்தத்தைத் தனித்தனியே உணரும் பொலிஃபோனிக் ஆஃப்டர்டச், 1970களின் பிற்பகுதியில் வந்த யமஹா சிஎஸ்-80இலேயே இருந்தது. ஆனால் அக்கருவியின் எடை ஏறத்தாழ 100 கிலோ. எங்கள் குழுவின் வான் வண்டியில் அதை ஏற்றினால் பாடகர்கள் நடந்துதான் வர வேண்டியிருக்கும். அதன்பின் பல பத்தாண்டுகளுக்குப் பெரும்பாலான கருவிகளில் அது காணாமற்போனது. 2019இல் அறிவிக்கப்பட்ட ஹைட்ராசிந்த் என்ற கருவி அதைச் சாதாரண வாசிப்பாளரின் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்தது. 2023இல் யமஹா மொண்டாஜ் எம் வரிசையை அறிவித்தபோது 88 கட்டைகளைக் கொண்ட எம்8எக்ஸில் மட்டும் அதைச் சேர்த்தது. எம்6, எம்7 இரண்டிலும் அது இல்லை. விளம்பரத்தை மேலோட்டமாகப் படிப்பவர்கள் தவறவிடும் வேறுபாடு இதுதான். அதே ஆண்டில் கொர்க் அறிவித்த கீஸ்டேஜுக்குச் சொந்த ஒலி கிடையாது. கணினியோடு இணைத்து வாசிக்க வேண்டும். ஆனால் அதன் கட்டைகள் ஒவ்வொன்றும் அழுத்தத்தைத் தனியாக உணரும். 2024இல் வந்த ஆர்டூரியாவின் பொலிபுறூட் 12 இந்த வழியில் இன்னும் ஒரு படி மேலே போனது.

இவை எல்லாவற்றிலும் என் மனத்தைப் பறிகொடுத்தது, பிரான்சின் எக்ஸ்பிரஸிவ் ஈ நிறுவனம் 2019இல் அறிவித்து, நீண்ட காத்திருப்புக்குப் பின் வெளியிட்ட ஒஸ்மோஸ். சுவிற்சர்லாந்திலிருந்து விடுமுறையில் வந்த என் மைத்துனர் அதைக் கொண்டுவந்திருந்ததால், இரண்டு மாலைப் பொழுதுகள் அதில் வாசிக்கக் கிடைத்தது. பார்வைக்கு அது 49 கட்டைகள் கொண்ட சாதாரண கீபோட். கட்டையில் விரலை வைத்து மெல்ல அமுக்கினால், அடியைத் தொடும் முன்னரே ஒலி மூச்செடுப்பதுபோல் எழும்புகிறது. அடியைத் தொட்டபின்னும் கட்டை இன்னும் கொஞ்சம் மெத்தென்று உள்ளே இறங்க, ஒலி தடிக்கிறது. பிறகு, வீணைத் தந்தியை இழுப்பவர்போல் அதே விரலைப் பக்கவாட்டில் அசைத்தால், அந்தச் சுரம் மட்டும் வளைகிறது. பக்கத்துக் கட்டைகளில் பிடித்திருக்கும் சுரங்கள் தம் இடத்திலேயே நிற்கின்றன. வளைவின் அளவை இரண்டு அரைச்சுரமாக வைத்துக்கொண்டு தோடியின் காந்தாரத்தை முயன்றேன். முதல் மாலை முழுவதும் அது பூனை கத்துவதுபோல்தான் வந்தது, ஏனென்றால் பழகாத விரல் தேவைக்கு மேல் ஆடுகிறது. இரண்டாவது மாலையில், ஒரேயொரு தடவை, இழைத்தது. கூடத்தில் இருந்த என் மனைவி எழுந்துவந்து எட்டிப் பார்த்தார்.

ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனிச் சனலில் அனுப்பி இந்த வேலையைச் சாத்தியமாக்கும் எம்பிஈ என்ற முறை 2018இல் மிடியின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2020இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட மிடி 2.0, ஒரு சனலுக்குள்ளேயே ஒவ்வொரு சுரத்தையும் தனியாக வளைக்க இடமளிக்கிறது. ஒரு தட்டின் வேகத்தை 128 படிகளில் அளந்த பழைய முறைக்குப் பதிலாக 65,536 படிகளில் அளக்கவும் அதில் வழியுண்டு. இசைக்கருவிகளின் பின்புறத்தில் எழுதியிருக்கும் இத்தகைய சொற்களுக்கு யாராவது தமிழில் விளக்கம் எழுதினால், எங்கள் பிள்ளைகள் கருவியை வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்பார்கள்.

இரண்டாவது விடயம் சுருதி. இதைப் பேசும் தகுதி எங்கள் மண்ணுக்குத் தாராளமாக உண்டு. 1892இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர், பழந்தமிழர் யாழின் சுருதிகளைக் கணக்கிட்டு எழுதிய யாழ் நூல் 1947இல் அரங்கேறியது. பழந்தமிழரின் ஏழு சுரங்களில் குரல், துத்தம், இளி ஒவ்வொன்றுக்கும் நான்கு, கைக்கிளைக்கும் விளரிக்கும் மூன்று, உழைக்கும் தாரத்துக்கும் இரண்டு என்று 22 அலகுகள் வகுத்த மரபு நம்முடையது. கீபோட்டோ ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமகூறாக்கி, ஒவ்வொரு கூறுக்கும் 100 சென்ட் என்று வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் அந்தர காந்தாரம் 400 சென்ட்டில் நிற்கும். தம்புராவோடு ஒட்டும் காந்தாரமோ 386 சென்ட். பதினான்கு சென்ட் வித்தியாசத்தை யார் கேட்கப்போகிறார்கள் என்று எண்ணலாம். நடுஸ்தாயி சி கட்டையைச் சட்ஜமாக நீளப் பிடித்துக்கொண்டு, அதன் மேல் அந்தர காந்தாரமான ஈ கட்டையை அமுக்கிப் பாருங்கள்: ஒலிக்குள் ஒரு நடுக்கம், விநாடிக்கு ஏறத்தாழப் பத்துத் தடவை, கேட்கும். கருவியின் திரையில், சுரங்களைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஸ்கேல் டியூனிங் பக்கத்துக்குப் போய் காந்தாரத்தை 14 சென்ட் இறக்கினால் அந்த நடுக்கம் நின்றுவிடும். அந்த வசதி விலையுயர்ந்த கருவிகளில் மட்டும் இருப்பதன்று. யமஹா, கொர்க் ஆகியவற்றின் பல மாதிரிகளிலும், றோலண்டின் மலிவான எக்ஸ்பிஎஸ்-10இலும் உண்டு. இந்த ஊரில் அதைத் திறந்து பார்த்தவர்கள்தான் குறைவு. ஆகவே ஒரு புதிய மாதிரி அறிவிக்கப்படும்போது நான் முதலில் தேடுவது, சுருதி மாறினால் இந்த அமைப்பும் ஒரே பொத்தானில் கூடவே மாறுகிறதா என்பதைத்தான். ஒரு பாட்டு முடிந்து பாடகி அடுத்த பாட்டுக்குச் சுருதி மாற்றும்போது, மேடையில் எமக்குக் கிடைப்பது ஒரு மூச்சு நேரமே.

இந்தியச் சந்தைக்கென யமஹாவின் பிஎஸ்ஆர்-ஐ500, கசியோவின் சிடி-எக்ஸ்9000ஐஎன் போன்ற மாதிரிகள் வந்தமை வரவேற்கத்தக்கதே. தபேலாவும் சித்தாரும் அவற்றில் உள்ளன. எங்கள் கூத்து மத்தளத்தின் நடையையோ, மட்டக்களப்புப் பறங்கியர் கல்யாணத்தில் ஆடும் கஃபிரிஞ்ஞாவின் 6/8 நடையையோ எந்தக் கம்பனியும் எமக்காகச் செய்து தரப்போவதில்லை. நாமே செய்து ஏற்றிக்கொள்ளும் வசதி கருவியில் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

விலையை மறந்து இதையெல்லாம் எழுதவில்லை. வெளியானபோது ஒஸ்மோஸின் விலை சுமார் 1,800 டொலர். டொலரை 300 ரூபாய் என்று வைத்தாலும், தீர்வை சேர்க்காமலேயே ஐந்து இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயளவுக்கு ஏறியபோது, 1,000 டொலர் கருவி இரண்டு இலட்சத்திலிருந்து மூன்று இலட்சத்து அறுபதாயிரமானதை நாங்கள் கண்ணால் கண்டோம். இங்கே ஒரு கருவியை வாங்குபவர் அதைப் பத்து ஆண்டுகளாவது வைத்திருப்பார். உப்புக்காற்றில் கட்டைக்குக் கீழுள்ள தொடுபுள்ளிகள் பழுதாகி, மெல்லத் தட்டினாலும் ஒரு சுரம் மட்டும் அலறத் தொடங்கும். அப்போது அந்த இறப்பர் பட்டி தனியாகக் கிடைக்குமா என்பதே பெரிய கேள்வி. தாங்கள் வெளியிடும் செய்தியில் டோன் எண்ணிக்கைக்கு ஒரு வரி போதும். கட்டை எதை உணர்கிறது, சுருதியை எவ்வளவு மாற்றலாம், சொந்த ஒலியையும் தாளத்தையும் ஏற்றலாமா, எடை என்ன, உதிரிப்பாகம் உண்டா என்பவற்றுக்கு மீதி இடத்தைத் தாருங்கள்.

இன்னும் இரண்டு வேண்டுகோள்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில், மூன்று இலட்சத்துக்கு மேல் விலையுள்ள கீபோட்டின் பொலித்தீன் உறையைக் கழற்றித் தட்டிப் பார்க்க எனக்கு அனுமதி தரப்படவில்லை. கடை உரிமையாளர்கள் ஒவ்வொரு மாதிரியிலும் ஒன்றையாவது திறந்து வைக்க வேண்டும். கட்டையின் குணத்தைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது. அடுத்தது, கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், சுரத்துக்குச் சுரம் வளையும் கருவி ஒன்றையேனும் தன் மாணவர்களுக்காகப் பெற்றுக்கொண்டால், வாய்ப்பாட்டும் வீணையும் கற்றவர்களின் விரல் அதில் என்ன செய்யும் என்று பார்த்துவிடலாம். கமகத்தைக் காதாலும் தொண்டையாலும் அறிந்த அவர்கள், என்னைவிட வெகு விரைவில் அதை இழைய வைப்பார்கள் என்று நம்புகிறேன்.

கையிலிருக்கும் பழைய கீபோட்டிலேயே காந்தாரத்தை 14 சென்ட் இறக்கும் முறையை, பரவலாகப் பாவிக்கப்படும் நான்கைந்து மாதிரிகளுக்குத் தனித்தனியே குறித்து வைத்திருக்கிறேன். தாங்கள் இடமளித்தால் அதை அடுத்த கடிதமாக அனுப்பி வைப்பேன்.

இப்படிக்கு,
கீபோட் வாசிப்பாளர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.