93 கெல்வினுக்கு மேலே

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்குத் திருச்சியிலேயே இடம் கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி அவள் புலம்புவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, நாமும் புலம்பிக்கொண்டேதான் சாப்பிட்டோம். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலிதான் விட்டபாடில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மின்தடை அடியோடு மறையும் மாறுநிலை வெப்பநிலைக்கு மேலே மீக்கடத்தி வெறும் சாதாரணக் கடத்திதானே, அங்கே ஆராய என்ன இருக்கிறது என்று எழுதியிருந்தாய். நம் பாடப்புத்தகப் படம் நம்மை அப்படித்தான் நம்பவைத்தது. மின்தடைக் கோடு ஓரிடத்தில் செங்குத்தாக விழும், அவ்வளவுதான். அலுமினியத்துக்கு அது ஏறக்குறைய சரி. அதில் ஒரு கூப்பர் இணை, அதாவது தடையின்றி மின்னோட்டம் சுமக்கும் எலெக்ட்ரான் ஜோடி, 1600 நானோமீட்டர் அளவுக்குப் பரந்து கிடக்கிறது. அந்த இடத்துக்குள் லட்சக்கணக்கான இணைகள் ஒன்றன்மேல் ஒன்று படர்ந்திருப்பதால் எதுவும் தன்னிச்சையாக ஆட முடியாது.

இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு என்ற மீக்கடத்தி வேறு ஜாதி. தாமிர-ஆக்சிஜன் தளத்துக்குள் இணையின் அளவு சுமார் 1.5 நானோமீட்டர், அதாவது நாலு அணு இடைவெளி. தளத்துக்குக் குறுக்கே இன்னும் குறைவு. போதாததற்கு மாறுநிலை வெப்பநிலையே 93 கெல்வின், வெப்பத்தின் குலுக்கலும் பலமாக இருக்கும். ஆகவே அதற்கு மேலே போனாலும் இணைகள் கணநேரம் உருவாகிக் கலைந்துகொண்டே இருக்கின்றன. இருக்கிற அந்தக் கணத்தில் காந்தப்புலத்தை வெளியே தள்ளவும் பார்க்கின்றன. மீக்கடத்தி காந்தப்புலத்தை முழுதாக வெளியேற்றும் மெய்ஸ்னர் விளைவின் மெலிந்த முன்னோட்டம் என்று வைத்துக்கொள். இது புதுச் செய்தியும் இல்லை. 1969-லேயே ஷ்மிட் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார், அதே ஆண்டு ஹார்வர்டில் டிங்கம் குழு இண்டியத்தில் அளந்தும் பார்த்தது. ஆனால் அங்கே அது மாறுநிலையை ஒட்டிய மெல்லிய கீற்று. தாமிர ஆக்சைடுகளில் அது எவ்வளவு தூரம் மேலே போகிறது என்பதுதான் சண்டை.

சண்டையைச் சூடாக்கியவர் பிரின்ஸ்டனில் இருக்கும் ஓங். மீக்கடத்திக்குள் காந்தப்புலம் சிறுசிறு சுழல்களாக நுழையும், நினைவிருக்கிறதா? படிகத்தின் ஒரு முனையைச் சூடாக்கினால் சுழல்கள் குளிர்ந்த பக்கம் நகரும், நகரும்போது குறுக்குவாட்டில் மின்னழுத்தம் பிறக்கும். இதுதான் நெர்ன்ஸ்ட் விளைவு. 2000-ல் ஓங் குழு லாந்தனம் ஸ்ட்ரான்ஷியம் காப்பர் ஆக்சைடில் இந்தச் சமிக்ஞையை மாறுநிலைக்குப் பல பத்து கெல்வின் மேலேயும் கண்டது. மீக்கடத்துத்திறனே இல்லாத இடத்தில் சுழல் எப்படி வந்தது?

அவர்கள் சொன்ன விளக்கத்துக்கு அடித்தளம் எமரியும் கிவெல்சனும் 1995-ல் எழுதியது. இணை சேர்வது ஒன்று, எல்லா இணைகளின் கட்டமும் (அவற்றின் அலைகளின் ஏற்ற இறக்க வரிசை) ஒன்றுபடுவது வேறொன்று. கும்மிக்கு எல்லோரும் வந்து நின்றாயிற்று, ஆனால் தாளம் சேரவில்லை, அங்கங்கே நாலைந்து பேர் மட்டும் ஒன்றாகத் தட்டுகிறார்கள் என்பது போல. தாளம் ஊர் முழுக்கச் சேரும் இடம்தான் மாறுநிலை.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நெர்ன்ஸ்ட் சமிக்ஞையை மட்டும் நம்ப முடியாது. 2006-ல் பேனியா குழு நியோபியம்-சிலிக்கான் படலத்தில், மாறுநிலையைப்போல் 30 மடங்கு வெப்பநிலை வரை அதைப் பார்த்தது. அது பழைய வகை மீக்கடத்தி, புதிர் ஒன்றும் இல்லாதது. அப்புறம் 2009-ல் கனடாவின் டைலெஃபர் குழு, எலெக்ட்ரான்கள் பட்டை பட்டையாக ஒழுங்குபடுவதாலும் இந்தச் சமிக்ஞை பெருகும் என்று காட்டியது.

அதனால்தான் எனக்குக் காந்த அளவீடுதான் பெரிது. ஓங் குழுவே அதையும் செய்தது. நெம்புகோல் போன்ற மெல்லிய தகட்டின் நுனியில் படிகத்தை ஒட்டி, புலத்தில் அது எவ்வளவு முறுக்குகிறது என்று 45 டெஸ்லா வரை அளந்தார்கள். 86 கெல்வினில் மாறும், பிஸ்மத் சேர்ந்த தாமிர ஆக்சைடில் டயா காந்தம், அதாவது புலத்தை எதிர்க்கும் குணம், சுமார் 120 கெல்வின் வரை தெரிந்தது, புலத்தோடு நேர்கோட்டில் வளராமல் வளைந்தும் வந்தது. சாதாரண உலோகத்தின் டயா காந்தம் இப்படி வளையாது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. படிகத்தில் பாராகாந்தப் பின்னணி, அதாவது புலத்தோடு சேர்ந்துபோகும் காந்தம், எப்போதும் இருக்கும். உயர் வெப்பநிலையில் அது போகும் கோட்டைக் கீழ்நோக்கி நீட்டி, எங்கே அளவீடு அதைவிட்டு விலகுகிறதோ அங்கே இணைகள் தொடங்குகின்றன என்கிறார்கள். கோட்டைக் கொஞ்சம் சாய்த்து வரைந்தால் தொடக்கமும் நகர்ந்துவிடும். பின்னாளில் இட்ரியம் படிகங்களை அளந்த சிலர், சுழல்களே தேவையில்லை, ஷ்மிட் காலத்து, இணைகள் உருவாகிக் கலையும் சாதாரண ஏற்ற இறக்கமே போதும் என்று முடித்தார்கள்.

நான் எந்தப் பக்கம் என்று கேட்பாய். மாறுநிலைக்கு மேலே ஒரு பட்டை வரை இணைகள் உண்மை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் குறைவாக மாசூட்டிய, அதாவது மின்சுமை கடத்திகளைக் குறைவாக ஏற்றிய, படிகங்களில் போலி இடைவெளி (மாறுநிலைக்கு மேலேயே எலெக்ட்ரான்களின் ஆற்றல் நிலைகளில் விழும் அரைகுறை வெற்றிடம்) 200 கெல்வினையும் தாண்டுகிறது, டயா காந்தமோ அதற்கு வெகு கீழேயே அடங்கிவிடுகிறது. ஆகவே போலி இடைவெளி முழுவதையும் தாளம் சேராத இணைகள் என்று சொல்லிவிட முடியாது. நம் சென்னை கணித அறிவியல் நிறுவனத்து பாஸ்கரன், 1987-ல் ஸோ, ஆண்டர்சன் இருவரோடும் சேர்ந்து எழுதியதில் எலெக்ட்ரான்களின் தற்சுழற்சிகள் முன்னமே ஜோடி சேர்ந்திருக்கும். அந்த ஜோடிக்கு மின்னோட்டம் சுமக்கும் கடமை இல்லை, எனவே டயா காந்தம் காட்டாததும் அதற்கு உறுத்தல் இல்லை. அந்தக் கோணம் எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது.

2023-ல் நீ அனுப்பிய, அறைவெப்பநிலை மீக்கடத்தி என்று பேசப்பட்ட அந்தக் கொரியக் கல் (LK-99) வீடியோவுக்கு நான் ஏன் துள்ளவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும். காந்தத்தின் மேல் ஒரு ஓரம் எழும்பி நிற்க கிராஃபைட்டே போதும்.

பொங்கல் லீவுக்கு வந்தால் சின்னவளையும் கூட்டிவா. எங்கள் ஆய்வகத்தில் திரவ நைட்ரஜன் இருக்கிறது, ஒரு மாத்திரை அளவு இட்ரியம் மீக்கடத்தியும் இருக்கிறது. முன்கூட்டியே தேதி சொல்லிவிடு, நைட்ரஜனுக்கு ஆர்டர் போட ஒரு வாரம் ஆகும்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்