அண்டர்டேக்கரைப் பார்த்து அலறும் பிள்ளையிடம் 'எல்லாம் பொய்' என்று சொன்னால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்டர்டேக்கர் என்ற ரெஸ்லர் வரும் பழைய காட்சி ஒன்றைக் கைப்பேசியில் பார்த்த ஆறு வயதுப் பேரன் மூன்று இரவாகத் தூங்கவில்லை என்றும், இப்படிப்பட்டவற்றைப் பிள்ளைகள் கண்ணிலேயே காட்டக் கூடாது என்றும் இங்கே டர்பனின் பீனிக்ஸ் பகுதியிலிருந்து ஒரு பாட்டி எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். அவர் கவலை நியாயமானது. வீட்டில் எல்லோரும் "அதெல்லாம் பொய், நடிப்பு" என்று சொல்லியும் பயம் தெளியவில்லை என்று எழுதியிருந்தார். தெளியாதுதான். பிள்ளையின் கேள்வி "நிஜமா, பொய்யா?" என்பதே இல்லை. "அந்த ஆள் நம் வீட்டுக்கு வருவாரா?" என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், அந்தப் பயத்தை எப்படிக் கட்டினார்கள் என்று பெரியவர்களுக்கு முதலில் தெரிய வேண்டும்.

அண்டர்டேக்கர் வேஷம் முதன்முதலில் தொலைக்காட்சிக்கு வந்தது 1990 நவம்பர் 22 அன்று, அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் நகரில் நடந்த சர்வைவர் சீரிஸ் போட்டியில். வேஷம் கட்டியவர் மார்க் காலவே. புகையும் இடியும் மின்னலும் பின்னால் சேர்ந்தவை. அன்றைக்கு இருந்தது உடை, நடை, முகம், இவ்வளவுதான். அகலமான கறுப்புத் தொப்பி, நீளக் கோட்டு, கழுத்தில் டை, சாம்பல் நிறக் கையுறை. அந்தக் காலத்து ரெஸ்லர்கள் மஞ்சளும் சிவப்பும் உடுத்தி, கத்திக்கொண்டு ஓடிவருவார்கள். இவர் கத்தவில்லை, ஓடவில்லை, கூட்டத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எதிரணியில் கோக்கோ பி. வேர் என்பவரை இரண்டு நிமிடத்துக்குள் தலைகீழாகத் தூக்கி இறக்கி வெளியேற்றிவிட்டார். பார்த்த பிள்ளைகள் மனதில் பதிந்தது அந்த அடி அல்ல. அடித்த பிறகும் அந்த முகத்தில் எதுவுமே மாறவில்லை என்பதுதான்.

அடுத்த ஆண்டு பால் பேரர் மேனேஜராக வந்து சேர்ந்தார். சவப்பெட்டியைத் தோள் கொடுத்துத் தூக்குகிறவருக்கான ஆங்கிலச் சொல்லின் ஒலியிலேயே அந்தப் பெயரை வைத்தார்கள். வில்லியம் மூடி என்ற இயற்பெயர் கொண்ட அவர் சவ அடக்கத் தொழிலை முறையாகப் படித்து, அதில் வேலையும் பார்த்தவர். கையில் ஏந்தி வந்தது ஓர் அஸ்திக் கலசம். மற்ற நாட்டுப் பிள்ளைகள் பலருக்கு அது பளபளக்கும் ஒரு குடுவை, அவ்வளவே. தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் பிள்ளைகளுக்கு அப்படியில்லை. தாத்தாவின் அஸ்தியைச் சொம்பில் வைத்துத் துணி கட்டிக் கடலுக்கு எடுத்துப் போனதைப் பார்த்த பிள்ளைகள் அவர்கள். 'அண்டர்டேக்கர்' என்ற சொல்லும் அப்படித்தான். தமிழ்நாட்டுப் பிள்ளைக்குச் சாவு என்றால் பாடையும் பறையும். இங்கே நம் இந்துக் குடும்பங்களிலும் மரப்பெட்டி, கறுப்பு வண்டி, கறுப்புக் கோட்டு. சவ அடக்கத் தொழில் பார்க்கிறவரை நாம் வீட்டில் அண்டர்டேக்கர் என்றே சொல்கிறோம். தாத்தாவைப் பெட்டியில் எடுத்துப் போனவரும் திரையில் வருகிறவரும் ஒரே ஆள் என்று ஆறு வயசுப் பிள்ளை முடிச்சுப் போட்டால் அதில் வியப்பில்லை. ஆகவே அந்தப் பாட்டி முதலில் அவிழ்க்க வேண்டியது இந்த முடிச்சைத்தான். பெட்டியோடு வந்தவர் நமக்கு உதவி செய்ய வந்தவர், நாம் கூப்பிட்டால்தான் வருவார், இவர் வேறு, ரெஸ்லிங்கில் அந்தப் பெயரை வைத்துக்கொண்டவர் என்று பிள்ளையை மடியில் உட்கார வைத்து ஒரு தடவை சொல்லிப் பார்க்கட்டும்.

அவர் அரங்கத்துக்குள் வரும் முறையைத்தான் எல்லோரும் பேசுவார்கள். வேஷம் முழுதாக உருவான பிறகு அதன் வரிசை இது. விளக்குகள் மொத்தமாக அணையும். மணி ஒன்று அடிக்கும். உடனே எதுவும் நடக்காது. கூட்டம் கத்தி ஓயும் வரை விட்டுவிட்டுத்தான் ஆர்கன் தொடங்கும். அந்த இசைக்குள் ஷோப்பானின் சவ ஊர்வல மெட்டு கலந்திருக்கிறது. தரையோடு புகை படரும், நீல வெளிச்சம் பின்னாலிருந்து விழும். அதனால் முகம் தெரியாது, தொப்பியும் தோளும் மட்டும் கறுப்பாகத் தெரியும். நடை இசையின் தாளத்துக்கு ஒரு காலாக விழும். மேடைப் படியில் ஏறி இரண்டு கையையும் மெல்லத் தூக்குவார், கையோடு சேர்ந்து அரங்க விளக்குகளும் ஏறும். கடைசியில்தான் தொப்பி. அதைக் கழற்றும்போது கருவிழி மேலே செருகி, வெள்ளை மட்டும் தெரியும்.

இதில் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. தரையோடு படரும் புகைக்கு மேடைக்காரர்கள் டிரை ஐஸைத்தான் நாடுவார்கள். அது சுமார் மைனஸ் 78 டிகிரியில் இருக்கும். அதிலிருந்து வரும் புகை குளிர்ந்து கனமாக இருப்பதால் மேலே எழாமல் கணுக்காலைச் சுற்றிக்கொள்ளும், நடப்பவர் மிதந்து வருவதுபோல் தோன்றும். எண்ணெய்ப்பசை விடும் சாதாரண மேடைப் புகை என்றால் தலை உயரத்துக்கு ஏறிவிடும், தரையும் வழுக்கும். கண்ணைச் செருகுவதற்கு மருந்தும் இல்லை, மாயமும் இல்லை. இமையைப் பாதி மூடி, புருவத்துக்கு உள்ளே எட்டிப் பார்ப்பதுபோல் விழியை ஏற்ற வேண்டும். அந்த நேரத்தில் எதிரே ஒன்றும் தெரியாது. அதனால்தான் அசையாமல் நின்ற பிறகே அதைச் செய்வார், படி ஏறும்போது செய்யமாட்டார்.

டர்பன் இருக்கும் நேட்டாலில் 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பேர் வாங்கிய நம் தெருக்கூத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மரத்தாலான கிரீடமும் அணிகளும் பூண்ட கட்டை வேஷக்காரர் வரும்போது இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். முதலில் குரல் மட்டும். பிறகு சலங்கை. பிறகு திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி. முகவீணை ஏறிக்கொண்டே போகும், முகத்தை மட்டும் காட்டமாட்டார்கள். திரை விலகும் நேரத்துக்கு முன்வரிசைப் பிள்ளை பாதி தாய் மடியில் இருக்கும். துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்றதும் மார்க் காலவே தொப்பிக்குக் கீழே நின்றதும் ஒரே கணக்கில்தான்.

இன்னொரு விஷயம் பலர் கண்ணில் படுவதில்லை. பயத்தில் பாதியை உண்டாக்குகிறவர் எதிராளி. எதிரே நிற்பவர் பின்வாங்கி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ரெஃபரியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினால்தான் அண்டர்டேக்கர் அண்டர்டேக்கர் ஆகிறார். அந்தப் புகழ்பெற்ற எழுந்து உட்காரும் காட்சியைப் பாருங்கள். மல்லாந்து விழுந்து கிடக்கிறார். எதிராளி ஜெயித்துவிட்டதாக நினைத்து முதுகைக் காட்டிக் கூட்டத்தைப் பார்க்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் இவர் கை ஊன்றாமல், வயிற்றுத் தசையின் பலத்தாலேயே இடுப்பிலிருந்து பலகை நிமிர்வதுபோல் எழுகிறார். உடம்பு நிமிர்ந்து உட்கார்ந்த பிறகுதான் தலை தனியாகத் திரும்புகிறது. உடம்பும் தலையும் ஒன்றாகத் திரும்பினால் தூங்கி எழுந்த மனிதன்போல் இருக்கும். இரண்டையும் பிரித்ததில்தான் அந்தக் குளிர் இருக்கிறது. எதிராளி திரும்பிப் பார்க்கும் கணம்தான் பிள்ளைகள் அலறும் கணம்.

ஏழு தடவை செத்துப் பிழைத்தவர் என்று தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் சத்தியம் செய்து சொன்ன கதையும் காற்றில் பிறந்ததல்ல. 1994 ஜனவரியில் ராயல் ரம்பிள் போட்டியில் யோகோசுனா என்ற ரெஸ்லரும் துணைக்கு வந்த ஒரு கூட்டமும் அவரைச் சவப்பெட்டிக்குள் தள்ளி மூடினார்கள். பெட்டிக்குள்ளிருந்து அவர் பேசுவது பெருந்திரையில் தெரிந்தது, பிறகு அவர் உருவம் அரங்கக் கூரைக்கு ஏறியது. கம்பியில் ஏறியது அதே உடுப்புப் போட்ட இன்னொருவர். நிஜ மனிதருக்கு முதுகுக் காயம், ஓய்வு தேவைப்பட்டது. 1996 அக்டோபரில் மண்ணைப் போட்டு மூடிய குழிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. 1998 ஜனவரியில் கதைப்படி அவருடைய 'தம்பி'யான கேன் பெட்டிக்குத் தீ வைத்தார், திறந்து பார்த்தால் உள்ளே ஆள் இல்லை. ஒவ்வொரு தடவையும் சில வாரமோ சில மாதமோ கழித்து மணி மறுபடி அடிக்கும். பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வந்தார்கள்.

பயம் எங்கே உடைகிறது என்று தெரிந்தால் பிள்ளைக்குச் சொல்லித்தருவது சுலபம். 1993 ஏப்ரல் 4 அன்று லாஸ் வேகாஸில் ரெசில்மேனியா திறந்தவெளியில் நடந்தது, நல்ல பகல் வெளிச்சம். ஒரு கழுகோடு ரதத்தில் வந்தார். எதிரே ஜயன்ட் கொன்சாலஸ், தசைகள் வரைந்து ஆங்காங்கே ரோமம் ஒட்டிய உடுப்பில். வெயிலில் எல்லாமே துணியும் பசையுமாகத்தான் தெரிந்தது. பின்னாளில் வந்த ஃபீண்ட் என்ற முகமூடி வேஷத்துக்கும் இதே கதிதான், வேறு வழியில். வரும்போது மிரட்டிய சிவப்பு விளக்கை 2019 அக்டோபரில் ஒரு போட்டி முழுதும் எரியவிட்டார்கள். கண் வலித்ததுதான் மிச்சம், முடிவில் கூட்டம் கூச்சலிட்டது. இருட்டு கொஞ்ச நேரம்தான் இருட்டு, பிறகு கண் பழகிவிடும். அண்டர்டேக்கரைக் கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. போட்டி தொடங்கும்போது விளக்கைப் போட்டுவிடுவார்கள்.

நெருப்பு வேறு சங்கதி. 2010 பிப்ரவரியில் செயின்ட் லூயிஸ் அரங்கில் அவர் நடந்து வரும்போது மேடைத் தீ அவர் மேலேயே பாய்ந்து, கழுத்திலும் மார்பிலும் தீக்காயம் பட்டது. கோட்டைக் கழற்றி எறிந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டு அன்றிரவே போட்டியிலும் இறங்கினார். "எல்லாம் பொய்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வேஷம் கட்டியது, வலி நிஜம். ஆறு வயசுப் பிள்ளைக்கும் இது புரியும், மிருதங்கக்காரர் கை வீங்குவதைப் பார்த்த பிள்ளைதானே.

அந்தப் பாட்டி வீட்டில் செய்யக் கூடியது இது. பகலில், ஜன்னலைத் திறந்து வைத்து, அதே காட்சியைச் சத்தத்தை முழுதாக அடைத்துப் போடுங்கள். மணியும் ஆர்கனும் போனால் ஒரு மனிதர் மெதுவாக நடந்து வருகிறார், அவ்வளவுதான். அடுத்து, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துச் சத்தத்தை மட்டும் கேட்க விடுங்கள், ஒரு மணியோசைக்கும் அடுத்த மணியோசைக்கும் இடையே பிள்ளை வாய்விட்டு எண்ணட்டும். எண்ணுகிற பிள்ளைக்கு அடுத்தது எப்போது வரும் என்று தெரிந்துவிடும். மூன்றாவது முறை இரண்டும் சேர்த்து. தொப்பி கழற்றும் இடத்தில் நிறுத்தி, "கண்ணை எங்கே வைத்திருக்கிறார், நீ செய்" என்று சொல்லுங்கள். பிறகு அவர் தொப்பி இல்லாமல், குடும்பத்தோடு சிரிக்கும் படத்தைக் காட்டுங்கள். கேன் முகமூடிக்குள் இருந்த க்ளென் ஜேக்கப்ஸ் 2018-இல் டென்னசி மாநிலத்தில் நாக்ஸ் கவுன்டியின் மேயராகத் தேர்வானவர், கோட்டு சூட்டோடு அவர் படமும் கிடைக்கும். மாலையில் தாத்தாவின் தொப்பியைப் பிள்ளை தலையில் வைத்து, நடைபாதை விளக்கை அணைத்து, கையில் டார்ச்சைக் கொடுத்து நடந்து வரச் சொல்லுங்கள். நீங்கள் பயந்து நாற்காலிக்குப் பின்னால் ஒளியுங்கள். எதிராளியின் வேலையை நீங்கள் செய்தால் பயமுறுத்தும் வேலை பிள்ளை கைக்கு வந்துவிடும்.

இதைக் கெடுப்பது மாமாக்கள். கதவுக்குப் பின்னால் நின்று மணி ஓசையைக் கைப்பேசியில் போட்டு விளையாடினால் எல்லாம் பாழ், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மெழுகுவத்தி வேண்டாம். படுக்கைக்குப் போகும் நேரத்தில் வேண்டாம். நான்கு வயதுக்குக் கீழ் என்றால் இந்த முயற்சியே வேண்டாம், காட்டாமல் இருப்பதுதான் சரி. அந்த வயதில் முகமூடி போட்டால் ஆளே மாறிவிட்டார் என்றுதான் பிள்ளை நம்பும், எத்தனை விளக்கினாலும் ஏறாது.

பயம் தெளிந்த பிறகுதான் உண்மையான ஆபத்து வரும், அதை அந்தப் பாட்டிக்கு அவசியம் சொல்ல வேண்டும். இங்கத்துத் தொலைக்காட்சியான ஈ-டிவியில் இந்தப் போட்டிகள் வந்த 2000-களில் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பிள்ளைகள் புல்தரையில் செய்து பார்த்தது அண்டர்டேக்கரின் டூம்ஸ்டோன் அடியை. தலைகீழாகத் தூக்கி, வயிற்றோடு வயிறு அணைத்து, எதிராளியின் தலையைத் தொடைகளுக்கு நடுவே இறுக்கி, முழங்காலில் இறங்குவது. தலை முழங்காலுக்கு மேலேயே இருந்தால்தான் தரையில் படாது, முழங்கால்தான் அடியை வாங்கும். அந்த இடைவெளி சில அங்குலம். 1997 ஆகஸ்ட் 3 அன்று ஓவன் ஹார்ட் என்ற ரெஸ்லர் இதே மாதிரித் தூக்கி, முழங்காலில் இறங்காமல் உட்கார்ந்து இறங்கினார். எதிராளி ஸ்டீவ் ஆஸ்டினின் தலை தரையில் மோதிக் கழுத்தெலும்பில் அடிபட்டது, சிறிது நேரம் கைகால் வரவில்லை. இருவருமே ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெற்றவர்கள், கீழே இருந்தது மரப்பலகை மேல் பஞ்சு விரித்த மேடை. பன்னிரண்டு வயதுப் பையனின் தொடையில் அந்தப் பிடி நிற்காது, தூக்கப்பட்ட தம்பியின் தலை நழுவி முழங்காலுக்குக் கீழே இறங்கிவிடும். தொப்பி போடட்டும், மெல்ல நடக்கட்டும், கண்ணைச் செருகட்டும், படுத்து எழுந்து உட்காரட்டும். மெத்தை மேலானாலும் ஒருவரை ஒருவர் தலைகீழாகத் தூக்க மட்டும் விடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வர்த், டர்பன்