சேலைக்கு ஏது பட்டன்?

லீட்ஸ், டிசம்பர்

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நேற்று போனில் பட்டமளிப்பு விழா நல்லபடியா முடிஞ்சுது என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், இன்னும் ரெண்டு வார்த்தை பேசியிருந்தால் அழுதிருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தக் கறுப்பு அங்கி சொந்தமில்லை அப்பா, ஒரு நாள் வாடகை, 50 பவுண்டுக்கு மேல், நம்ம காசில் ஐயாயிரத்தைத் தாண்டும். கையில் வாங்கியதும் விரலால் தேய்த்துப் பார்த்தேன், சுத்த பாலியஸ்டர். அம்மாப்பேட்டையில் நம்ம சந்தில் யாராவது விரித்துக் காட்டினால் நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீர்கள். உள்ளே கட்டியிருந்தது நீங்கள் நெய்த அரக்குப் பட்டுதான். முதுகில் தொங்கவிட ஒரு கலர்த் துணி தருகிறார்கள், ஹூட் என்று பெயர், முன்னால் ஒரு சின்ன வளையம், அதைச் சட்டைப் பட்டனில் மாட்ட வேண்டுமாம். சேலைக்கு ஏது பட்டன்? அது பின்னால் சரிந்து சரிந்து கழுத்தை நெரிக்க, கூடப் படித்த ஆந்திராப் பெண் ஒரு ஊக்கை எடுத்து முந்தானையோடு சேர்த்துக் குத்திவிட்டாள்.

மேடையில் பத்து விநாடிகூட நின்றிருக்க மாட்டேன். பெயரைக் கடித்துத் துப்பினார்கள், நம்ம பெயர்தானா என்று யோசித்து ஒரு அடி தயங்கிவிட்டேன். ஒரு கைகுலுக்கல், அவ்வளவுதான். இதற்காகவா வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்தோம் என்று இறங்கும்போது தோன்றியது, சிரிப்பும் வந்தது. அம்மா, அங்கே ராத்திரி ஏழரைக்குத் தறிக்கு நூல் தார் சுற்றுவதை நிறுத்திவிட்டு நீ செல்போன் முன்னால் உட்கார்ந்ததையும், சரியாக என் முறைக்கு நெட் நின்றுபோனதையும் தம்பி சொன்னான். விடும்மா, நீ பார்த்திருந்தாலும் என் பின்தலைதான் தெரிந்திருக்கும்.

அப்புறம் ஒன்று. வெளி ஆட்களை விட மாட்டார்கள் என்று நான் சொன்னது பொய். ஆளுக்கு ரெண்டு டிக்கெட் கொடுத்தார்கள். சொன்னால் வட்டிக்கு வாங்கியாவது விசா எடுத்து வந்து நிற்பீர்கள். அது மட்டும்தான் காரணம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அப்பா, வேட்டியோடு நீங்கள் இந்தக் கூட்டத்தில் நிற்பதை நினைத்து எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. நேற்று பெரிய தலைப்பாகையோடு ஒரு பஞ்சாபித் தாத்தா, பேத்தியின் தொப்பியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே டிசம்பரில் சாயங்காலம் மூணே முக்காலுக்கே பொழுது சாய்ந்துவிடும், அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தனியாக அறைக்கு நடந்தேன்.

இந்த ஊரும் நெசவு ஊர்தான், தெரியுமா? ஊர்ச் சின்னத்திலேயே ஆட்டுக் கம்பளி இருக்கிறது. ஆர்ம்லி மில், ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய கம்பளி மில், இப்போது மியூசியம். அங்கே பழைய இயந்திரங்களைப் பார்த்தபோது, நம்ம குழித்தறியையும் ஒரு நாள் டிக்கெட் போட்டுக் காட்டுவார்களோ என்று பகீரென்றது.

வேலை தேட 2 வருஷ விசாவுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். கடன் தவணையை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஊக்கு குத்திய இடத்தில் ஜரிகைக்குப் பக்கத்தில் ரெண்டு ஓட்டை. இழை அறவில்லை, விலகித்தான் இருக்கிறது. நீங்கள் செய்கிற மாதிரி நகத்தால் ஊடை நூலை மெல்ல நகர்த்தினேன், ஒன்று மூடிவிட்டது, இன்னொன்று பிடி கொடுக்கவில்லை. தண்ணீர் தொட்டுத் தேய்க்கலாமா கூடாதா, தம்பி போனில் பேசி அனுப்புங்கள்.

உங்கள் மகள்